ஒன்பதாம் வார்டில் ஓர் ஆள் அதிகம்

காலை ஏழு மணிக்கு ஒன்பதாம் வார்டில் தலை எண்ணுவார்கள். இரவு வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போகுமுன், பகல் வேலைக்கு வந்தவர்களிடம் இத்தனை பெண்கள் என்று எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த மனநல மருத்துவமனை கட்டிய நாள் முதல் இருக்கிற வழக்கம் அது. ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று அங்கே சுவரைக் கேட்டாலும் சொல்லும். மணி அடிக்க வேண்டும், வெளி வாசலைச் சாத்த வேண்டும், கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும், காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். இப்படிப் பதினோரு காரியங்களை எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

ஆள் அதிகமானால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

“நாப்பத்திரெண்டு” என்றாள் ஆயா.

பெரிய சிஸ்டர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நாப்பத்தொண்ணு.”

“அந்தப் புத்தகத்துல நாப்பத்தொண்ணு இருக்கலாம் சிஸ்டர். இங்க நாப்பத்திரெண்டு இருக்கு.”

“உன்னையும் சேத்து எண்ணியிருப்ப.”

“ஆமா, என்னை எந்தக் கணக்குல சேத்தாங்க, இந்தக் கணக்குல சேக்க?”

ஆயாவுக்கு அங்கே ரேடியோ என்று பெயர். முடுக்கிவிட்டால் நிற்காது. அவளோடு வாய் கொடுப்பதைவிட எழுந்து எண்ணிவிடுவது சுலபம் என்று பெரிய சிஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு முட்டியும் சத்தம் போட்டன. ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. பிள்ளை பெறுகிறவள் கூட இப்படி மாதத்தை எண்ணியிருக்க மாட்டாள்.

நீளமான கூடம் அது. நூற்று நாற்பது வருடத்துக் கட்டடம். பைத்தியக்கார விடுதி என்று முதலில் வாசலில் பெயர் எழுதியிருந்ததாம். பிறகு மனநோய் மருத்துவமனை என்று மாற்றினார்கள். இப்போது மனநல மையம். பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் உள்ளேயும் ஏதோ ஒன்று மாறியது. சுவரில் சங்கிலி மாட்டிய வளையங்களை அறுத்து எடுத்தார்கள். மாத்திரை வந்தது. மதில் சுவரைப் பாதி உயரத்துக்கு இடித்தார்கள். நெசவுக்கூடம், ரொட்டி அடுப்பு, சலவைக்கூடம், காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பகல் பிரிவு என்று ஒவ்வொன்றாக வந்தன. வெளிநோயாளி வரிசையில் இன்றைக்கு நிற்பவர்களில் பாதிப் பேர் மாத்திரை வாங்கிக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறவர்கள். மாறாதது இரண்டுதான். காலையில் தலை எண்ணுவது ஒன்று. சிஸ்டர்மாரின் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து இன்னொன்று.

பெரிய சிஸ்டர் வரிசை வரிசையாக விரல் நீட்டிக்கொண்டே வந்தாள். எல்லோரும் வார்டுப் பச்சைச் சேலையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையின் கடைசியில் விரல் நின்றுவிட்டது.

அங்கே தட்டை மடியில் வைத்துக்கொண்டு, உலகத்தில் ஒன்றுமே நடக்காதது போல, மடிப்பக்கா உட்கார்ந்திருந்தாள்.

மடிப்பக்கா யாரென்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் அந்த வார்டில் இருந்தவள். சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பதுதான் அவள் வேலை. அவள் மடித்த போர்வையின் ஓரத்தில் விரல் வெட்டிக்கொள்ளலாம் என்பார்கள், அவ்வளவு கூர். வந்த சில வருடங்களிலேயே நோய் தணிந்துவிட்டது. மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தாள். அழைத்துப் போகத்தான் ஆள் இல்லை. பெரிய சிஸ்டர் விடாமல் கடிதம் போட்டு, பழைய முகவரி, புது முகவரி என்று அலைந்து, கடைசியில் ஒரு தம்பியைக் கண்டுபிடித்தாள். பதினோரு மாதத்துக்கு முன்னால் அவனோடு அனுப்பி வைத்தாள். அந்த வார்டிலிருந்து ஒரு பெண் வீட்டுக்குப் போய் அதற்குமுன் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு ஆயா கூட அழுதாள்.

“எப்படி உள்ள வந்த?” என்றாள் பெரிய சிஸ்டர்.

“நடந்துதான்.”

“வாட்ச்மேன் எங்க போனாரு?”

“அங்கதான் இருந்தாரு. ‘என்னக்கா, இவ்வளவு லேட்டு’ன்னாரு. பழக்கதோஷம், பாவம்.”

நேற்றுச் சாயங்காலம் சலவைக்கூடத்துப் பின்வாசல் வழியாக வந்து, அலமாரியிலிருந்து ஒரு பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மடித்த போர்வைகளின் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாள். காலையில் மற்றவர்களோடு வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“நான் போனப்புறம் யாரு போர்வை மடிக்கறா?” என்று கேட்டாள் மடிப்பக்கா. “பாத்தேன். கண்ணு கூசுது.”

பெரிய சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை கூட்டம். இன்னும் ஐந்து பெண்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதிய கோப்பு பெரிய டாக்டரின் மேசையில் இருந்தது. அதை அங்கே கொண்டு சேர்ப்பதற்குள் பெரிய சிஸ்டர் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அந்தக் கோப்பின் முதல் பக்கத்திலேயே, முன்பு போன ஒருவர் நல்லபடியாக இருக்கிறார் என்று எழுதியிருந்தாள். அந்த ஒருத்திதான் இப்போது தட்டோடு உட்கார்ந்திருந்தாள். இவளை மறுபடி சேர்த்ததாகப் பதிவேட்டில் ஏறினால் போதும், போனவளே திரும்பி வந்துவிட்டாள் என்று கோப்பை மூடிவிடுவார்கள். ஐந்து பேரும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

அவள் மடிப்பக்காவைத் தன் மேசைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தாள். ஆயா தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

“என்னைச் சேத்துக்க சிஸ்டர்.”

“நோய் இல்லாம எப்படிச் சேக்கறது?”

“நீ ரெண்டு வரி எழுதினா டாக்டரு கையெழுத்துப் போடுவாரு. எனக்குத் தெரியாதா?”

“என்னன்னு எழுத?”

மடிப்பக்கா கொஞ்சம் யோசித்தாள். “வேணும்னா நான் கத்தட்டுமா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். அது இருமலுக்கும் கொட்டாவிக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக வந்து பாதியில் நின்றது. வார்டில் தட்டுச் சத்தம் அடங்கியது. ஜன்னலோரக் கட்டில்காரி தலையைத் திருப்பி, “இதெல்லாம் ஒரு கத்தலா? தொண்டையில மீன்முள்ளு மாட்டின மாதிரி இருக்கு” என்றாள்.

“முப்பது வருஷம் ஆச்சுடி, விட்டுப்போச்சு” என்றாள் மடிப்பக்கா.

ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். பெரிய சிஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தலைக்குள் யாரோ அம்மி கொத்துவது போல இருந்தது.

“அங்க என்னதான் குறை? அடிச்சாங்களா? சோறு போடலயா?”

“சேச்சே. தம்பி பொண்டாட்டி தங்கம். நான் சாப்பிட்டப்புறம்தான் அவ சாப்பிடுவா.”

“அப்புறம்?”

“காலையில எட்டு மணிக்கு எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. ராத்திரி ஏழுக்குத்தான் வருவாங்க. பூட்டிட்டுப் போயிடுவாங்க சிஸ்டர்.”

“இங்கயும் பூட்டுதானே?”

“இங்கயும் பூட்டுதான். ஆனா இங்க உள்ள ஆள் இருக்கே. சண்டை போடவாவது ஒருத்தி கிடைப்பா. அங்க நானும் ஃபிரிட்ஜும்தான். அது மட்டும்தான் அப்பப்ப முனகும். நானும் பதிலுக்கு ‘உம்’ போடுவேன்.” அவள் சேலை நுனியை மடித்து மடித்து நீவினாள். “நேத்து அவ அவசரத்துல பூட்ட மறந்துட்டா. நான் பஸ்ஸு ஏறிட்டேன். பஸ்ஸு ஏறத்தான் நீ கத்துக் குடுத்திருக்கியே.”

பெரிய சிஸ்டருக்குக் கோபம் வந்தது. மனுஷியைப் பூட்டி வைக்கவா இத்தனை கடிதம் போட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்து நின்றான்.

டயர் கடையில் வேலை பார்க்கிறவன். கை ரேகையெல்லாம் கறுப்பு. நேற்று சாயங்காலத்திலிருந்து தேடியிருக்கிறான், கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் திட்டத்தான் வாயைத் திறந்தான். அப்படியே பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

“அக்கா, சொல்லிட்டாவது வந்திருக்கலாம்ல?”

“யாருகிட்ட சொல்ல? வீட்ல யாரு இருந்தா?”

பெரிய சிஸ்டர் இடையில் புகுந்தாள். “பதினோரு மணி நேரம் ஒரு பொம்பளைய உள்ள வச்சுப் பூட்டறீங்களே, நியாயமா இது? நாங்க எதுக்கு உங்ககிட்ட அனுப்பினோம்?”

தம்பி அவளை விழித்துப் பார்த்தான். “சிஸ்டர், எங்க தெருவுல திருட்டு அதிகம். எல்லாருமே கம்பிக் கதவப் பூட்டிட்டுதான் போறது. அந்தப் பூட்ட உள்ள இருந்தும் கம்பி வழியா கைய விட்டுத் திறக்கலாம். இன்னொரு சாவி ஜன்னல் பக்கத்துல ஆணியில தொங்குது. அக்காவுக்குன்னே செஞ்சது.”

“அவங்களுக்குன்னேயா?”

“வந்த முதல் நாளே கையில குடுத்தோம். வாங்கல. நாளைக்கு வாங்கிக்கும்னு ஆணியில மாட்டினோம். பதினோரு மாசமா அங்கதான் தொங்குது. அந்தப் பக்கம் ஜன்னலத் தொறக்கக்கூடப் போக மாட்டேங்குது. என் பொண்டாட்டி கெஞ்சிப் பாத்துட்டா. ஒரு நாள் நான் வலுக்கட்டாயமா கையில வச்சேன், உதறிட்டு ஓடிப்போய்க் குளியலறையில உக்காந்துகிச்சு. பாருங்க, இன்னிக்கும் கொண்டு வந்திருக்கேன்.” சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூல் கோத்த சிறிய சாவி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

பெரிய சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். மடிப்பக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தாள். திருட்டுத்தனம் செய்த பிள்ளை மாதிரி இல்லை. அடி வாங்கிய பிள்ளை மாதிரி.

அப்போதுதான் பெரிய சிஸ்டருக்கு அது நினைவுக்கு வந்தது.

இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய கதை. அவள் அந்த வார்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், வேலை போன புருஷன். ஒரு நாள் அழுக்குப் போர்வைகளை மூட்டை கட்டும்போது இடுப்பிலிருந்த சாவிக்கொத்து நழுவி மூட்டையோடு போய்விட்டது. அவளுக்குத் தெரியவில்லை. சலவைக்கூடத்தில் மூட்டையைப் பிரித்த மடிப்பக்கா சாவிக்கொத்தைப் பார்த்தாள். தொலைத்தவளுக்கு வேலை போய்விடுமே என்று, அதைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், சாவி! சிஸ்டர், சாவி!” என்று கூவியபடி ஓடி வந்தாள். நோயாளி கையில் சாவி என்றால் அந்தக் காலத்தில் தீப்பிடித்த மாதிரி. விசில் ஊதினார்கள். நாலு பேர் பாய்ந்து அவளைக் கீழே தள்ளினார்கள். ஒன்பது நாள் தனியறையில் போட்டார்கள்.

அன்றைய அறிக்கையை எழுதியது புது சிஸ்டர்தான். சாவியைத் தவறவிட்டது நான், அவள் கொண்டுவந்து கொடுத்தாள் என்று எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் வேலை போயிருக்கும். அவள் எழுதியது ஒரே வரி. நோயாளி சாவிக்கொத்தைக் கைப்பற்றினார்.

அதற்குப் பிறகு மடிப்பக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இவளும் பேசியதில்லை. வருடம் போகப் போக, அது நடந்ததையே இவள் மறந்த மாதிரி இருந்துவிட்டாள். அவளை வீட்டுக்கு அனுப்புவதற்குமுன் ஐந்து மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அடுப்புப் பற்ற வைக்க, தெரு கடக்க, பஸ் ஏற, தொலைபேசியில் பேச, மாத்திரையை நேரத்துக்கு எடுக்க. ஒரு நீளமான பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி என்று இவளே குறி போட்டாள். கதவு திறக்க என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடையாது. யாருக்கும் தோன்றவே இல்லை. கதவு திறப்பது சிஸ்டர்மார் வேலை அல்லவா, அந்த இடத்தில் எப்போதும் அப்படித்தானே! மேசையில் காத்திருக்கிற அந்த ஐந்து பேரின் பட்டியலிலும் அது இல்லை.

அவள் சிவப்பு நூல் சாவியை எடுத்து மடிப்பக்காவின் பக்கம் நீட்டினாள். “இந்தா அக்கா. என் கையால குடுக்கறேன். வாங்கிக்க. இது உன் வீட்டுச் சாவி.”

மடிப்பக்கா பின்னால் நகர்ந்தாள்.

“மாட்டேன் சிஸ்டர். நீ இப்பக் குடுப்ப. அப்புறம் எழுதுவ.”

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்தி முகத்திலிருந்து இன்னொருத்தி முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டிருந்தான். ஆயாவுக்குப் புரிந்ததோ என்னவோ, அன்றைக்கு முதல் தடவையாக ரேடியோ நின்றுபோயிருந்தது.

பெரிய சிஸ்டர் சாவியை மேசையில் வைத்தாள். அறிக்கைப் புத்தகத்தைப் பிரித்து அன்றைய தேதியின் கீழ் எழுத ஆரம்பித்தாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினாள். எழுதி முடித்து, மடிப்பக்காவுக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

“இருபத்தாறு வருடங்களுக்கு முன் இந்த வார்டில் சாவிக்கொத்தைத் தவறவிட்டது நான். இந்த நோயாளி அதைக் கண்டெடுத்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கைப்பற்றியதாக நான் எழுதியது பொய்.”

கையெழுத்தும் போட்டாள்.

மடிப்பக்கா எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, “ஒம்போது நாள்” என்றாள்.

“ஆமா. ஒம்போது நாள்.”

“அதையும் எழுது.”

பெரிய சிஸ்டர் எழுதினாள்.

“அங்க ஜன்னல் கிடையாது.”

அதையும் எழுதினாள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் இருந்தாள். மடிப்பக்கா அவ்வளவுதான் என்பது போலக் கையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அலுப்பாக இருந்தது. இவளுக்கும்தான்.

அறிக்கைப் புத்தகம் தினமும் பதினோரு மணிக்குப் பெரிய டாக்டரிடம் போக வேண்டும். அன்றைக்குப் பெரிய சிஸ்டரே எடுத்துக்கொண்டு போனாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

“உங்களுக்கு ரிட்டயர்மெண்டுக்கு எத்தனை மாசம்?”

“பதினொண்ணு.”

“அது வரைக்கும் பேனாவக் கொஞ்சம் மூடி வச்சிருக்கலாம்ல சிஸ்டர்? நான் மேல பதில் சொல்லணும். விசாரணை வரும். எனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?”

“விசாரணை வரட்டும் சார். இன்னொண்ணு. அந்த அஞ்சு பேர் கோப்ப இந்த வியாழக்கிழமை எடுக்க வேண்டாம். ஒரு மாசம் தள்ளி வைங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீங்கதானே மூணு வருஷமா என் உயிர எடுத்தீங்க?”

“நான்தான். அவங்க யாரும் பூட்டுத் திறந்தது இல்ல சார். முதல்ல அதக் கத்துக் குடுக்கணும். எனக்கு ஒரு கதவும் அஞ்சு பூட்டும் வேணும்.”

“நோயாளிங்க கையில சாவியா?”

“வீட்டுக்குப் போறவங்க கையில.”

அவர் நீளமாக மூச்சு விட்டார். சரி என்று சொல்லவில்லை. கோப்பை எடுத்து வலது பக்க அடுக்கிலிருந்து இடது பக்க அடுக்குக்கு மாற்றி வைத்தார். அது தள்ளி வைத்ததா, கிடப்பில் போட்டதா என்று அந்த மருத்துவமனையில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்து வந்து கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டும், மறுபடி மறுபடி வந்து கேட்க வேண்டும். நினைக்கவே பெரிய சிஸ்டருக்குக் கால் வலித்தது.

திரும்பி வந்தபோது மடிப்பக்கா தன் சொந்தச் சேலைக்கு மாறியிருந்தாள். பச்சைச் சேலை மடிக்கப்பட்டு மேசையின் மேல் இருந்தது. என்னைச் சேர்த்துக்கொள் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதே என்று பெரிய சிஸ்டர் பயந்துகொண்டுதான் வந்தாள். கேட்டிருந்தால், அந்த நிமிஷத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டிருப்பாள்.

“பகல் பிரிவுல பேரு பதியறேன்” என்றாள். “நாளைக்குக் காலையில வா. தம்பி வேலைக்குப் போறப்போ நீயும் கிளம்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடணும்.”

“போர்வை மடிக்கலாமா?”

“மடிக்கலாம்.”

“அவளுக்கும் சொல்லிக் குடுக்கறேன், அந்தக் கண்ணு கூசற மாதிரி மடிக்கறவளுக்கு.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அவங்களுக்கு முன்னாடி நான் வீடு வந்துட்டா? கதவு பூட்டியிருக்குமே?”

சாவி மேசையின் நடுவில் கிடந்தது. தம்பி அதை எடுத்துத் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தான். அவள் கையை நீட்டவில்லை. ஆனால் இந்தத் தடவை பின்னால் நகரவும் இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். முந்தானை மட்டும் அவன் பக்கம் தொங்கியது. அவன் புரிந்துகொண்டான். முந்தானை நுனியில் சாவியை வைத்து, டயர் கடைக் கைகளால் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினான்.

“பாத்துக்க சிஸ்டர்” என்றாள் மடிப்பக்கா, கையை இறக்காமலே. “நான் தொடல. எழுதிக்க.”

“எழுதிக்கறேன்.”

“என்னன்னு?”

“அக்கா தொடல. தம்பிதான் கட்டிவிட்டாருன்னு.”

“நீ பக்கத்துல நின்னு பாத்தேன்னும் எழுது.”

“அதையும் எழுதறேன் அக்கா.”

மடிப்பக்கா கையை இறக்கினாள். முந்தானை முடிச்சு உடம்பில் படாமல் இருக்க, அதற்குக் கொஞ்சம் மேலே துணியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கொதிக்கிற பாத்திரத்தைக் கொண்டுபோகிறவள் மாதிரி, தம்பிக்கு முன்னால் நடந்து போனாள்.